சும்மா கெடக்குற காடு

எங்க தாராபுரம் பக்கம் ஒருத்தர் கொடைக்கானல் போறேன்னு சொன்னா, ஏரியில் படகு, தூண் பாறை, கொஞ்சம் சாக்லேட்டு, வர்ற வழியில பழனி. அதோட சரி. எனக்கு 54 வயசாச்சு, நானும் நாலு தடவை அப்படித்தான் போய்ட்டு வந்திருக்கேன். மலைக்குப் போனேன்னு சொல்லிக்கலாம், கால்ல மலை மண்ணு ஒட்டினதில்லை. இந்த ஆவணியில போனது வேற மாதிரிங்க. கொடைக்கானலைத் தாண்டி இன்னும் 35 கிலோமீட்டர் மேற்கே, மன்னவனூர்ல ஒரு நாள் பூரா நடந்தே திரிஞ்சோம்.

கூப்பிட்டவர் மன்னவனூர் விவசாயி ஒருத்தர். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுல பழக்கம். அவர் கேரட்டும் பீன்சும் இறக்க வருவார், நான் முருங்கை கொண்டு போவேன். "அண்ணே, எத்தனை வருஷமா வர்றேன் வர்றேன்னு சொல்றீங்க, ஒரு நாள் அண்ணியக் கூட்டிட்டு வாங்க"ன்னு சொல்லிட்டே இருப்பார். இந்தத் தடவை கிளம்பினதுக்கு வேற ஒரு காரணமும் இருந்துச்சு. வீட்டுல பத்து நாளா ஒரே பேச்சு, ஒரே சண்டை. ஒரு நாளாவது அதுல இருந்து தள்ளி இருக்கணும்னு தோணுச்சு.

அந்தப் பேச்சு என்னன்னு சொல்லிடறேன். எனக்கும் அண்ணனுக்கும் சேர்ந்து 8 ஏக்கர் கொறங்காடு இருக்கு. டவுன்ல இருக்கறவங்களுக்குக் கொறங்காடுன்னா தெரியாது. தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில், காங்கேயம் வட்டாரத்துல மேய்ச்சலுக்குன்னே விட்டு வச்சிருக்கிற நிலம் அது. சுத்தியும் முள்ளுக்கிளுவை வேலி, உள்ளே வெள்வேலா மரம், தரையில கொழுக்கட்டைப் புல்லு. உழவு கிடையாது, உரம் கிடையாது. மழை பேஞ்சா தானா முளைக்கும். ஒரு காட்டை மேயவிட்டு இன்னொரு காட்டை ஆறப் போடுவோம். கோடையில புல்லு காஞ்சாலும் வெள்வேலாக் காய் உதிர்ந்து ஆட்டுக்கு ஆகும். மழை கம்மியான எங்க சீமையில ஆடு மாடு தப்பிப் பிழைச்சது இந்தக் காட்டாலதான்.

அதைச் சோலாருக்கு 30 வருஷக் குத்தகைக்குக் கேட்டு ஒரு தரகர் வந்துட்டார். 8 ஏக்கரும் சேர்ந்தாத்தான் வேணும்னார். "சும்மா கெடக்குற காடுதானுங்களே, வருசா வருசம் பணம் வரும்"னு சொன்னார். அண்ணனுக்குச் சம்மதம். அவரைக் குத்தம் சொல்ல முடியாது. அண்ணிக்கு இடுப்பு ஆபரேசன் பண்ணின கடன் 2 லட்சம் நிக்குது, வட்டி ஏறுது. எனக்கு மனசு வரலை. ஏன் வரலைன்னு அண்ணன் கேட்டா, சரியா ஒரு பதில் சொல்லவும் தெரியலை. "அப்பாரு காலத்துக் காடு"ன்னேன். "அப்பாரு வந்து வட்டி கட்டுவாரா?"ன்னு கேட்டுட்டார்.

இப்படி இருக்கையிலதான் ஒரு புதன்கிழமை கிளம்பினோம். நான், வீட்டுக்காரம்மா, வண்டி ஓட்ட என் மச்சான். கொடைக்கானல் போற வண்டிக்கு இப்ப இ-பாஸ் வேணும், 2024 மே மாசத்துல இருந்து கோர்ட் உத்தரவுப்படி நடைமுறையில இருக்கு. மக போன்லயே எடுத்துக் கொடுத்துட்டா. ராத்திரி ரெண்டு மணிக்குப் புறப்பட்டு, பழனி வழியா மலையேறி, பெருமாள்மலை தாண்டி, வெள்ளி அருவிகிட்ட டீ குடிச்சோம். அந்த அருவித் தண்ணி கொடைக்கானல் ஏரியில இருந்து வழிஞ்சு வர்ற தண்ணிதான். பார்க்க அழகு. ஊர்ச் சாக்கடையும் அதோட கலக்குதுன்னு டீக்கடைக்காரர் சொன்னதுக்கப்புறம் முகம் கழுவ மனசு வரலை.

பூம்பாறை வர்றப்போ நல்லா விடிஞ்சிருச்சு. ரோட்டுமேல இருந்து பார்த்தா கீழே கிண்ணத்துல வச்ச மாதிரி ஊரு, அதைச் சுத்திப் படிப்படியாப் பூண்டுக் காடு. கொடைக்கானல் மலைப் பூண்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. அங்கே குழந்தை வேலப்பரை வெளியில இருந்தே கும்பிட்டுட்டு மன்னவனூர் போய்ச் சேர்ந்தோம். நண்பர் வீட்டுல ராகிக் களியும் பீன்ஸ் குழம்பும். பரண்மேல விதைப்பூண்டைக் கட்டித் தொங்க விட்டிருந்தாங்க, அடுப்புப் புகை படற மாதிரி. எங்க வீட்டுல விதைச் சோளக்கதிரைக் கட்டி வச்ச ஞாபகம் வந்துச்சு. அவங்க முன்னோர்கள் எங்க கொங்குச் சீமையில இருந்து மலையேறிப் போனவங்கன்னு அந்த வீட்டுப் பெரியம்மா சொன்னாங்க. பேச்சுல அந்தச் சாடை இருக்கத்தான் செய்யுது.

ஒன்பது மணிக்கு நடக்க ஆரம்பிச்சோம். 6,000 அடிக்கு மேல ஊரு. வெயில் இருந்தும் குளிரு. ஊரை விட்டு இறங்கினதும் ஏரி. மூணு பக்கம் புல் மேடு, நடுவுல தண்ணி, ஓரத்துல கோரை. வனத்துறை ஆட்கள் பரிசல் வச்சிருக்காங்க. கொடைக்கானல் ஏரி மாதிரி கடையும் குதிரையும் கிடையாது. பேசாம நின்னா காத்து புல்லுல படற சத்தம் கேக்குது. மேட்டுல ஏறினதும் என் சம்சாரம் செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துட்டா. "மெத்தை மாதிரி இருக்குதுங்க, செருப்போட மிதிக்க மனசு வரலை"ன்னா.

அங்கேயே மத்திய அரசோட செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கு. 1965-ல இருந்து நடக்குது. பாரத் மெரினோன்னு கம்பளி ஆடு. எங்க மேச்சேரி ஆடு உடம்பு மொழுமொழுன்னு இருக்கும், வெயில் தாங்கற ஆடு. இது பஞ்சு மூட்டைக்குக் கால் முளைச்ச மாதிரி. தூரத்துல ஒரு மந்தை மேயறதைப் பார்த்துட்டு நாங்க ரெண்டு பேரும் அரை மணி நேரம் அசையலை. மச்சான் சிரிச்சான். "வீட்டுல ஆட்டை மேச்சுட்டு, லீவு போட்டு வந்து இங்கேயும் ஆட்டையே பார்க்கறீங்க."

அப்புறம் ஓடை ஓரமா, பூண்டு வயல் வரப்புமேலயே கீழே இறங்கினோம். ஓடை கெண்டைக்கால் அளவுதான், ஐஸ் மாதிரி. ஒரு மணி நேரம் நடந்ததும் சத்தம் பெருசாச்சு. பாறை முடிஞ்சு தண்ணி விழுது. ரெண்டு பனை உயரம் இருக்கும். பேரு என்னன்னு கேட்டேன். "பேரெல்லாம் இல்லைண்ணே, அருவின்னு சொல்வோம்" என்றார். கட்டிட்டுப் போன புளிசோத்தை அங்கேயே பாறைமேல உட்கார்ந்து சாப்பிட்டோம். சாரல் சோத்துமேலயும் விழுந்துச்சு.

"இந்தத் தண்ணி எங்க தம்பி போகுது?"

"மேற்கால இறங்கி, மஞ்சம்பட்டிப் பக்கமாப் போய், அமராவதி அணையில சேருதுண்ணே."

கையில இருந்த சோறு அப்படியே நின்னுருச்சுங்க. எனக்குக் கொறங்காடு போக ரெண்டு ஏக்கர் வயல் உண்டு, அமராவதி வாய்க்கால் பாசனம். அணை 90 அடி நிறைஞ்சுதான்னு பேப்பர்ல தினமும் பார்க்கிற ஆளு நான். அந்தத் தண்ணியோட தலைமாட்டுல உட்கார்ந்து சாப்பிட்டிருக்கேன், அது தெரியாமலே.

திரும்பி மேலே ஏறுறப்போ முட்டி வலி. ஒரு இடத்துல உட்கார்ந்தோம். ஓடைக்கு இந்தப் பக்கம் புல்வெளி, அந்தப் பக்கம் வாட்டில் மரமும் பைனும் அடர்ந்து நிக்குது. நண்பர் காட்டிச் சொன்னார். இது ரெண்டுமே வெளிநாட்டு மரம். தோல் பதனிட வாட்டில் பட்டை, காகிதத்துக்கு மரக்கூழ்னு அரசாங்கமே புல்வெளியில நட்டுச்சு. புல்லு சும்மா கெடக்குது, பயனில்லாத நிலம்னு கணக்குல எழுதி நட்டாங்க. வாட்டில் அப்புறம் தானாவே விதை போட்டுப் பரவிருச்சு. "எங்க அய்யன் காலத்துல அந்தப் பக்கமும் புல்லுதான். கோடையிலயும் அங்கே ஊத்து இருந்துச்சாம். இப்ப இல்லை" என்றார்.

இதை வீட்டுக்கு வந்தப்புறம் மககிட்ட சொன்னேன். அவ போன்ல தேடிக் காட்டினா. பழனி மலையில 1973-ல இருந்த புல்வெளியில 2014-ல மூணுல ஒரு பங்குதான் மிச்சம்னு செயற்கைக்கோள் படத்தை வச்சு ஆராய்ச்சி பண்ணினவங்க எழுதியிருக்காங்க. மீதியில பெரும்பகுதி மரத்தோட்டமும் விவசாயமும் ஆயிருச்சு.

என் சம்சாரம் அதுக்குள்ள ஒரு குச்சியால வரப்போரத்துப் புல்லுத் தூரு ஒண்ணைக் கிண்டிப் பார்த்துட்டு இருந்தா. மண்ணு கருகருன்னு பஞ்சு மாதிரி. கையில பிடிச்சுப் பிழிஞ்சா, தண்ணி சொட்டுது. மழை பேஞ்சு நாலு நாள் ஆச்சுன்னு நண்பர் சொல்றார். மேலே ஒரு சாண் புல்லு, கீழே அதைவிட நீளமா வேரு, சல்லடையாட்டம். "ஏனுங்க, நம்ம கொழுக்கட்டைப் புல்லும் இப்படித்தானுங்களே. மேலே காஞ்சு கெடக்கும், பிடுங்கினா வராது"ன்னா. எடுத்த தூரைத் திரும்ப அதே குழியில வச்சு மிதிச்சு விட்டா.

அண்ணன் கேட்ட கேள்விக்குப் பதில் எனக்கு அங்கேதாங்க கிடைச்சுது. புல்லு சும்மா கெடக்கறதில்லை. அது வேலை செய்யறது கண்ணுக்குத் தெரியறதில்லை, அவ்வளவுதான். மரம்னா எல்லாருக்கும் பச்சையாத் தெரியுது, பேனல்னா பணமாத் தெரியுது. புல்லு மட்டும் வெறும் இடமாத் தெரியுது. என் காட்டுக்குப் பக்கத்துக் கிணறு மத்த கிணறை விட ஒரு மாசம் தள்ளி வத்தறது எதனாலன்னு நாங்க யாரும் யோசிச்சதே இல்லை.

நண்பருக்கும் இதே இக்கட்டு இருக்கு. ஏரி தெரியற மேட்டுல அவருக்கு முக்கால் ஏக்கர் பூண்டுக் காடு. தங்கும் விடுதி கட்டக் கேட்டு வாரத்துக்கு ஒருத்தர் வர்றாங்களாம். "பூண்டுல பத்து வருஷம் சம்பாதிக்கறதை ஒரே நாள்ல தர்றேங்கறாங்கண்ணே. மகன் குடுத்துடலாங்கறான். அவன் சொல்றதும் தப்பில்லை, மருந்தடிச்சு மருந்தடிச்சுக் கை ஓஞ்சு போச்சு" என்றார். நான் குடு, குடுக்காதேன்னு எதுவும் சொல்லலை. எனக்கு அதைச் சொல்ற யோக்கியதை இல்லை. அவர் கடனை நான் கட்டப் போறதில்லை.

வண்டியேறுற இடத்துல ஒரு புதரைக் காட்டினார். குறிஞ்சி. 2018-ல பூத்துச்சு, அடுத்தது 2030. "அப்ப வாங்கண்ணே"ன்னார். "அதுக்கு நடுவுல ஒரு தடவை நீங்க எங்க காட்டுக்கு வாங்க"ன்னேன்.

இதைப் படிச்சுட்டுப் போக நினைக்கறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. சனி ஞாயிறு வேண்டாம். கம்பளி எடுத்துட்டுப் போங்க. புல்வெளியில வண்டியை ஏத்தாதீங்க, டயர் தடம் பதிஞ்ச இடத்துல மழைத்தண்ணி வாய்க்காலா ஓடி மண்ணை அறுத்திருக்கறதைக் கண்ணால பார்த்தேன். வனத்துறை விடற எடத்துக்கு மட்டும் போங்க. பூண்டை ரோட்டோரத்துல விவசாயிகிட்டயே வாங்குங்க.

ஊருக்கு வந்ததும் அண்ணன் வீட்டுக்குப் போனேன். மலையில பார்த்ததைச் சொன்னேன். கேட்டார், ஆனா மசியலை. "புல்லு வேலை செய்யுது சரி தம்பி, வட்டியும் ராத்திரி பகலா வேலை செய்யுதே" என்றார். நியாயம்தானே. ரெண்டு நாள் கணக்குப் போட்டோம். என் பட்டியில இருந்த 40 உருப்படியில 14-ஐக் கன்னிவாடி சந்தையில வித்தேன். 1,12,000 ரூபாய் வந்துச்சு. மீதிக்கு என் சம்சாரம் வளையலைக் கழட்டிக் கொடுத்தா, சொசைட்டியில நகைக்கடன் போட்டோம். அண்ணன் வாங்க மாட்டேன்னார். அண்ணிதான், "காடு மூணு வருசத்துக்கு இருக்கட்டும், அதுக்குள்ள திருப்பிக் கொடுத்துடலாம், முடியலைன்னா அப்பப் பேசிக்கலாம்"னு முடிச்சு வச்சாங்க. தரகருக்கு மூணு வருஷம் கழிச்சு வாங்கன்னு சொல்லிட்டோம். அவர் பக்கத்துக் காட்டுக்காரரைப் பார்க்கப் போய்ட்டார்.

பட்டியில ஆடு குறைஞ்சது நல்லாவே தெரியுது. சாயங்காலம் படலைத் திறந்தா முன்ன மாதிரி நெரிசல் இல்லை. போன வாரம் ஒரு உழவு மழை பேஞ்சுச்சு. 26 ஆட்டுக்கு 8 ஏக்கர் தாராளம்கறதால கிழக்குக் காட்டைப் பூட்டி ஆறப் போட்டிருக்கேன். கொழுக்கட்டைப் புல்லு முழங்கால் உயரம் வந்துருச்சு. பூத்து விதை உதிர்றவரைக்கும் திறக்கறதா இல்லை.