விற்ற வல்லமும் படித்த நூல்களும்

சென்ற ஆண்டு இரு கண்களிலும் ஒன்றன்பின் ஒன்றாகப் புரை நீக்கிக்கொண்டோம். மருத்துவர் ஏறக்குறைய இரண்டு மாதங்கள் நூல்களைத் தொடலாகாதென்று விலக்கிவிட்டார். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் நூல்களையே துணையாகக் கொண்டு வாழ்ந்துவந்த நமக்கு, அவ்விரு மாதங்களும் தவக்காலத்தினும் நீண்ட நோன்பாகவே கழிந்தன. விலக்கு நீங்கியதும் பசித்தவன் பந்தியில் அமர்ந்தாற்போல் படிக்கத் தொடங்கினோம். அதையறிந்த பங்கின் இளைஞர் சிலர், "ஐயா, தாங்கள் அண்மையில் படித்தவற்றுள் குடும்பங்களில் படிக்கத்தக்கவை எவை என்று எழுதுங்களேன்" என்று கேட்டனர்.

எழுத அமர்ந்தபோதுதான் ஒன்று புலப்பட்டது. நாம் எடுத்து வைத்திருந்த நூல்களுள் பெரும்பாலானவை நம் கொற்கைக் கரையைப் பற்றியவை. அவற்றுட் பல நாம் என்றோ படித்திருக்கவேண்டியவை. ஏன் படிக்காதிருந்தோம் என்பதையும் மறையாது எழுதுவதே நேர்மை.

முதலில் கையிலெடுத்தது அண்டிரிக் அடிகளாரின் 'அடியார் வரலாறு'. போர்ச்சுக்கலில் பிறந்து, 1540களில் முத்துக்குளித்துறைக்கு வந்து, 1600இல் கண்மூடும் வரை இம்மக்களோடு வாழ்ந்தவர் அவர். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கங்கள் கொண்ட சிறு நூல். 1586இல் வெளிவந்த 'அடியார் வரலாறோ' அறுநூறு பக்கங்களைத் தாண்டியது. புனிதர்களின் வாழ்க்கையைத் தமிழில் திரட்டித் தந்த இப்பெருநூல் அச்சேறிய இடம், தாமிரபரணி கடலொடு கலக்கும் நம் புன்னைக்காயல் என்பர். பிற்காலத்தில் இராசமாணிக்கம் அடிகளார் அதனைப் பதிப்பித்து உதவினார். நடை கடினந்தான், நாளொன்றுக்கு ஒரு புனிதர் என்று படித்தால் சலிப்புத் தட்டாது. நானூறு ஆண்டுகளுக்கு முன் நம் கரையில் பேசிய தமிழின் சாயல் அதில் ஆங்காங்கே எட்டிப்பார்ப்பதைக் காண்பது தனி இன்பம்.

அடுத்தது வ. உ. சிதம்பரனார் அகவலில் இயற்றிய சுயசரிதை. அவர் மறைந்தபின் 1946இல் நூலாக வெளிவந்தது. 1906இல் சுதேசி நாவாய்ச் சங்கம் கண்டு, இத்தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்ட பெருமகன் அவர். அவர் சிறைப்பட்டிருந்தபோது, வெளியே அச்சங்கம் நலிந்து 1911இல் கலைந்தது, கப்பலும் விலைபோயிற்று. அவர் 1912 டிசம்பரில் விடுதலையானார். தன் துயரைச் சொல்லும்போதும் அவர் குரல் உயர்வதில்லை. அதனோடு சேர்த்துப் படிக்கவேண்டியது ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908'. 2024ஆம் ஆண்டுக்கான சாகித்திய அக்காதெமி விருது பெற்ற நூல். 1908 மார்ச்சு 13இல் மூண்ட கிளர்ச்சியில் சுடப்பட்டும் சிறைப்பட்டும் மறக்கப்பட்ட எளியோரைத் தேடி எடுத்திருக்கிறார் ஆசிரியர். கோரல் ஆலைத் தொழிலாளர் அவ்வாண்டு செய்த வேலைநிறுத்தம் பற்றிய பகுதியை நம் இளைஞர் தவறாது படிக்கவேண்டும்.

இவையெல்லாம் நமக்குப் பெருமை தரும் நூல்கள். பெருமை தரும் நூல்களைப் படிப்பது எளிது. இனிக் கூறப்போகின்றவை அத்தகையன அல்ல.

ஜோ டி குருஸ் எழுதிய 'கொற்கை' 2009இல் வெளிவந்தது. 2013இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்றது. 1914இல் தொடங்கி நூற்றாண்டின் இறுதி வரை நீளும் கதை. ஆயிரத்து நூறு பக்கங்களுக்கு மேல்! தோணிகளும் தண்டல்களும், மேசைக்காரரும் கம்மாரக்காரரும், வணிகமும் வழக்கும், கோயிலும் குடியும் யாவும் அதில் உண்டு. நம்மவரைப் பற்றி நம்மவரே இவ்வாறு எழுதலாமா என்று சினந்தோர் பலர். அவர்களுள் நாமும் ஒருவர். இருநூறு பக்கங்களோடு அந்நூலை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டோம். இம்முறை முழுவதும் படித்தோம். மாந்தர் பெயர்கள் அளவுக்கு மிஞ்சிப் பெருகி மயங்க வைக்கின்றன. சில இடங்களில் கத்தரி வைத்திருக்கலாம். ஆயினும் அதிற் பொய் என்று நாம் சுட்டக்கூடிய பக்கம் ஒன்றும் இல்லை. சினம் வந்ததன் காரணமும் அதுவே போலும்.

உப்பளத் தொழிலாளரைப் பற்றி இராஜம் கிருஷ்ணன் 1979இல் எழுதிய 'கரிப்பு மணிகள்' புதினத்தையும் இவ்வரிசையில் சேர்க்கவேண்டும். வெளியூரினின்று வந்த ஓர் அம்மையார் நம் அளங்களில் வெண்மையைத் தாங்காது கூசும் கண்களையும் வெடிப்புற்ற பாதங்களையும் கண்டு எழுதினார். நாமோ நாள்தோறும் அவ்வழியே மிதிவண்டியில் பள்ளிக்குச் சென்று வந்தோம்.

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. பனைமட்டையின் இருபுறமும் அறுக்கும் கருக்கே தலைப்பு. ஒடுக்கப்பட்ட கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, துறவற மடத்தில் சேர்ந்து, அங்கே தாம் தேடிய எளியோரின் பணியைக் காணாது வெளியேறிய ஒருவரின் தன்வரலாறு. திருச்சபைக்கு எதிரான நூல் என்று எவரோ சொல்லக் கேட்டு, அதனைத் தொடாமலே முப்பதாண்டுகள் இருந்தோம். படிக்கையில் நம் பள்ளி விடுதியே நினைவில் வந்தது. மாணவருள் எவர் தண்ணீர்க்குடம் சுமந்தனர், எவர் பீடத்தில் பூசைக்கு உதவினர் என்பதை அன்று நாம் பார்த்தும் பாராதவராய் இருந்தோம். வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் பெற்றோர் முதலில் இதனைப் படித்துப் பின்னர் பிள்ளைகளிடம் கொடுப்பாராக.

இனி வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்'. 1977இல் வெளிவந்த சிறிய புதினம். ஒரே இரவில் படித்துவிடலாம். சவேரியார் தங்கிய குகையுள்ள மணப்பாட்டுக் கரைதான் களம். குரூஸ் மிக்கேல் என்னும் முதியவரிடம் ஒரு வல்லமும் ஒரு வீடும் உண்டு. படித்து ஆசிரியரான மகன் செபஸ்தி, இரண்டையும் விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடுமாறு தந்தையை வற்புறுத்துகிறான். ஊரிலோ லாஞ்சுகள் வந்துவிட்டன. வல்லக்காரருக்கும் லாஞ்சுக்காரருக்கும் பகை முற்றுகிறது. மகள் பிலோமியோ எல்லாரிடமும் அன்பு காட்டி, இழந்தபின்னும் எவரையும் வெறுக்காதிருக்கிறாள். தமிழ்ப் புதினங்களில் அவளைப் போன்ற பெண்மக்கள் மிகச் சிலரே.

நூல் வெளிவந்த மறு ஆண்டே உடன் பணியாற்றிய நண்பர் ஒருவர் அதனை நமக்குக் கொடுத்தார். இருபது பக்கங்கள் படித்ததும் மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டோம். "நம் சனங்களின் குடியையும் சண்டையையும் எழுதி வைத்திருக்கிறார்" என்று காரணமும் சொன்னோம். உண்மைக் காரணம் அதுவன்று. அவ்வாண்டு நாமும் நம் தந்தையாரிடம், "வல்லத்தை விற்றுவிடுங்கள் அப்பா, இனி அதனால் பயனில்லை" என்று மாதந்தோறும் சொல்லி வந்தோம். மாதச் சம்பளம் வாங்கும் மகன் இருக்க, அறுபது வயதில் அவர் கடலுக்குப் போவது நமக்கு இழிவாகத் தோன்றிற்று. செபஸ்தியின் சொற்கள் யாவும் நம் வாயிலிருந்து வந்தவை போலவே இருந்தன. தந்தையார் மறுத்துப் பேசவில்லை. ஒரு நாள் விற்ற பணத்தைக் கைக்குட்டையில் முடிந்து நம்மிடமே கொடுத்தார். அதில்தான் இவ்வீட்டின் முன்கட்டை எழுப்பினோம்.

நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்து இவ்வாண்டு அந்நூலைக் கடைசிப் பக்கம் வரை படித்தோம். வல்லத்தை விற்றபின் குரூஸ் மிக்கேலுக்கு நேர்வதை இங்கே எழுதப்போவதில்லை. படிப்போர் தாமே அறிக.

நம் மூத்த சகோதரியாருக்கு எண்பது வயதாகிறது. சிற்றெழுத்துகள் அவருக்குத் தெரிவதில்லை. ஆகவே மாலைச் செபமாலைக்குப் பின் நாள்தோறும் சில பக்கங்களை உரக்கப் படித்துக் காட்டத் தொடங்கினோம். மூன்றாம் நாள் அவர் இடைமறித்தார்.

"நம்ம வல்லத்த வித்த அன்னைக்கு அப்பா ராத்திரி எங்க படுத்திருந்தாவன்னு ஒனக்குத் தெரியுமா தம்பி?"

தெரியாது என்றோம்.

"கடற்கரையிலதான். அது கிடந்த எடத்துல. நான் போயித்தான் விடியக்காலம் கூட்டிட்டு வந்தேன். 'தம்பிட்ட சொல்லாத, அவன் மனசு கஷ்டப்படும்'னு சொல்லிட்டாவ."

நூலை மடியில் வைத்தபடி வெகுநேரம் இருந்தோம். பின்னர் அவரே, "சரி, மிச்சத்தப் படி, அந்தப் பிள்ள பிலோமி என்ன செஞ்சா?" என்றார். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம்.