வெப்பம் சொல்லும் செய்தி

சென்னை சென்ட்ரலிலிருந்து புறப்படும் இருப்புப் பாதைகள் வடக்கும் மேற்குமாகப் பிரியும் இடம் பேசின் பிரிட்ஜ். பக்கிங்காம் கால்வாய், தண்டவாளங்கள், பட்டறைகள் ஆகியவற்றின் நடுவே மாநகரப் பேருந்துப் பணிமனையும் இங்கு உண்டு. வடக்கே இராயபுரம், திருவொற்றியூர் ஆகியவற்றைக் கடந்தால் எண்ணூர். 1948இல் தொடங்கி எண்ணூரில் தொழிற்சாலை கண்ட அசோக் மோட்டார்ஸ், 1955இல் இங்கிலாந்தின் லேலண்டு நிறுவனம் பங்கேற்றதால் அசோக் லேலண்டு ஆயிற்று. தமிழகச் சாலைகளில் ஓடிய எத்தனையோ பேருந்துகளுக்கு இப்பகுதியே பிறப்பிடம். முதுமையடைந்த இயந்திரங்களின் நாடி பார்க்கும் கைகளும் இப்பகுதியில் உள்ளன.

டீசல் இயந்திரத்தில் எரிபொருளைப் பற்றவைக்கத் தீப்பொறி தேவையில்லை. அழுத்தப்பட்ட காற்றின் வெப்பத்திலேயே அது பற்றிக்கொள்கிறது. 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் இதனை வெற்றியுடன் இயக்கிக் காட்டினார். வெப்பத்தால் உயிர்பெறும் இந்த இயந்திரம் வெப்பத்தாலேயே அழியவும் கூடும். எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே உழைப்பாக மாறுகிறது. மற்றொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதியைக் குளிர்விக்கும் நீர் சுமந்து செல்கிறது. நீரேற்றி அந்நீரைச் சுழற்ற, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் அது ஓடும்போது, விசிறி இழுக்கும் காற்று வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. இவற்றுள் ஒன்று தளர்ந்தாலும் வெப்பமானியின் முள் சிவப்பை நோக்கி நகரும்.

சரக்குப் பெட்டக லாரிகள் நெருக்கும் சாலையில் முள் ஏறினால், ஓட்டுநர் பேருந்தை முதலில் ஓரமாக நிறுத்த வேண்டும். ரேடியேட்டர் மூடியை உடனே திறத்தல் ஆகாது. அழுத்தத்தில் அடைபட்ட நீர் நூறு டிகிரி செல்சியசைக் கடந்தும் கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்ததும் ஆவியாகிச் சீறும். முகமும் கையும் வெந்துபோகும். கொதிக்கும் இயந்திரத்தில் குளிர்ந்த நீரை ஊற்றினால் இரும்பும் விரிசல் காணும். பொறுமையே இங்கு முதல் கருவி.

இயந்திரம் ஆறியபின் தேடல் தொடங்குகிறது. தேர்ந்த தொழிலாளி எளியதிலிருந்து அரியதை நோக்கிச் செல்கிறார். நீர் குறைந்துள்ளதா? ரப்பர் குழாய் கசிகிறதா? விசிறிப் பட்டை தளர்ந்துள்ளதா? ரேடியேட்டர் இதழ்களைத் தூசி அடைத்துள்ளதா? இவற்றை அறியக் கண்ணும் விரலும் போதும். இயந்திரத்தை மீண்டும் இயக்கும்போது, அது சூடேறியும் ரேடியேட்டருக்குச் செல்லும் மேற்குழாய் குளிர்ந்தே இருந்தால், வெப்பநிலைக்கேற்ப நீருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கியிருக்கலாம். நீரில் குமிழிகள் ஓயாமல் எழுந்தால் கேஸ்கட் பழுதாகியிருக்கக்கூடும். எண்ணெய் பால்நிறம் கொண்டிருந்தால் நீர் அதில் கலந்துள்ளது என ஐயுற வேண்டும்.

குறுக்குவழிகளும் உண்டு. தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிவது அவற்றுள் ஒன்று. முள் அப்போதைக்கு இறங்கலாம். ஆனால், உரிய வெப்பத்தை எட்டாத இயந்திரம் எரிபொருளை வீணாக்கும், விரைவில் தேயும். சிலவகை இயந்திரங்களில் நீர் ரேடியேட்டரை எட்டாமல் மாற்றுவழியே சுற்றி, வெப்பம் முன்னினும் மிகும். நாள்தோறும் கிடைத்த நீரை ஊற்றிச் சமாளிப்பது மற்றொன்று. கடலோர நிலத்தடி நீரின் உப்பு உள்ளே படிந்து, வெப்பம் வெளியேறும் வழியையே அடைக்கும். நீரை ஊற்றியதோடு நில்லாமல், அது ஏன் குறைந்தது என்று கேட்பவரே பழுதை நீக்குகிறார்.

நோயின் முதலைத் தேடுமாறு திருவள்ளுவர் மருத்துவனுக்குக் கூறிய முறை பட்டறைக்கும் பொருந்தும். வெப்பம் நோயன்று, நோயை அறிவிக்கும் குறி. குறியை மறைத்துவிட்டுப் பேருந்தைச் சாலைக்கு அனுப்பினால், அதன் விளைவை ஏற்பவர்கள் அதில் பயணம் செய்வோரே. துறைமுகத்துக்கு விடியலில் செல்லும் தொழிலாளரும், மீன்கூடையோடு ஏறும் பெண்களும், பள்ளி செல்லும் மாணவரும் பேருந்து போய்ச்சேரும் என நம்பியே அமர்கின்றனர். எண்ணெய் படிந்த கைகள் காரணத்தைத் தேடிச் செலவிடும் அந்த ஒரு மணி நேரம் அந்நம்பிக்கையைக் காக்கிறது.