நான்கு விநாடியில் நின்றுபோன பாட்டு



பழைய கேசட்டுகளை இன்னும் அலமாரியில் காத்து வைத்திருப்போர் நம்மிடையே பலர் உளர். அவர்களுக்குப் பயன்படக்கூடும் என்ற எண்ணத்தில், அண்மைய பள்ளி விடுமுறையில் எனக்கு நேர்ந்த ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

என் தந்தையார் ஜொகூரில் தோட்டத்துக் கோயில் பஜனைக் குழுவொன்றை நடத்தி வந்தவர். குழுவின் பாடல்களைப் பதிவதற்காக நான்கு தட ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை இரண்டாம் கையாக வாங்கினார். 1996ஆம் ஆண்டில் அதே கருவியில் தம் தாயாரின், அதாவது என் பாட்டியின், ஒப்பாரிப் பாடல் ஒன்றையும் பதிந்தார். ஜப்பானியர் ஆட்சியில் சயாம் - பர்மா தொடர்வண்டிப் பாதை அமைக்கக் கொண்டு செல்லப்பட்டுத் திரும்பி வராத தம் தமையனை நினைத்துப் பாட்டி பாடியது அது. 1942 தொடங்கி 1943 அக்டோபருக்குள் 415 கிலோமீட்டர் நீளத்தில் போடப்பட்ட அந்தப் பாதையில் மாண்ட மலாயாத் தமிழர் எண்ணற்றோர். எங்கள் குடும்பத்தில் அதற்குச் சான்றாக எஞ்சியிருப்பது அந்த ஒரு பாட்டுத்தான். பாட்டியும் இல்லை, தந்தையாரும் இல்லை.

வேறு கருவியில் போட்டுக் கேட்கலாமே என்று நீங்கள் வினவலாம். அங்கேதான் சிக்கல். வழக்கமான கேசட்டில் 3.81 மில்லிமீட்டர் அகலமுள்ள நாடாவில் நான்கு தடங்கள் உண்டு. ஒரு பக்கத்திற்கு இரண்டு. திருப்பிப் போட்டால் மறுபக்கத்திற்கு இரண்டு. நான்கு தடக் கருவியோ நான்கையும் ஒரே திசையில் ஒரே நேரத்தில் பயன்படுத்துகிறது. 1979ஆம் ஆண்டு ஜப்பானின் டாஸ்காம் வெளியிட்ட போர்ட்டாஸ்டூடியோ 144தான் கேசட்டில் இயங்கிய முதல் நான்கு தடக் கருவி. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982இல் வெளியிட்ட 'நெப்ராஸ்கா' தொகுப்பு, அக்கருவியைக் கொண்டு வீட்டிலேயே பதியப்பட்டது. பின்னர் வேறு நிறுவனங்களும் இவ்வகைக் கருவிகளைச் செய்தன; எங்கள் வீட்டிலிருப்பது அவற்றுள் ஒன்று. ஒலித்தரம் உயர வேண்டி, இவற்றுட் பல, நாடாவை இருமடங்கு வேகத்தில் ஓட்டும். அறுபது நிமிடக் கேசட்டில் பதினைந்து நிமிடமே பதிய முடியும். அந்நாடாவைச் சாதாரண வானொலிப்பெட்டியில் இட்டால் பாட்டு பாதி வேகத்தில் இழுபடும். திருப்பிப் போட்டால் பின்னிருந்து முன்னாக ஒலிக்கும்.

பாட்டியின் நினைவு நாள் நெருங்கியதால் பல ஆண்டுகளுக்குப் பின் கருவியை எடுத்தேன். பொத்தானை அழுத்தியதும் நாடா ஓடியது. பாட்டியின் குரல் எழுந்தது. நான்கு விநாடியில் 'டக்' என்று நின்றது. மீண்டும் அழுத்தினேன், மீண்டும் நான்கு விநாடி. பத்து முறையேனும் அழுத்தியிருப்பேன். பொறுமை இழந்து, தானே நிறுத்தும் அமைப்பைச் செயலிழக்கச் செய்துவிடலாமா என்றுகூட எண்ணினேன். நல்லவேளையாக, மறுநாள் குளுவாங்கில் பழைய வானொலிகளைப் பழுதுபார்க்கும் சீன முதியவரிடம் கருவியைக் கொண்டு சென்றேன்.

"சிக்கு, முதலில் உங்கள் கேசட்டை வெளியே எடுங்கள். கெட்டுப்போனாலும் கவலையில்லாத கேசட் ஒன்றைப் போட்டுத்தான் சோதிக்க வேண்டும்" என்று மலாயில் கூறினார் அவர். பிறகு பொறுமையாக விளக்கினார். மெல்லிய உருக்குத் தண்டும் அதை அழுத்தும் ரப்பர் உருளையும் நாடாவைச் சீராக இழுக்கின்றன. இழுபட்டு வரும் நாடாவை வலப்பக்கச் சுழலச்சு சுற்றி வாங்கிக்கொள்ள வேண்டும். அது நின்றுவிட்டால், நாடா உருளையில் சுற்றிக்கொண்டு கசங்கிப் பாழாகும். ஆகவே அந்தச் சுழலச்சு சுழல்கிறதா என்பதை ஓர் உணரி கண்காணிக்கிறது. சுழற்சி தெரியாவிட்டால் சில விநாடிகளில் கருவி தானே நின்றுவிடும். நிற்பது கோளாறு அன்று, நாடாவுக்குக் காவல். சுழலச்சு உண்மையிலேயே நின்றதா, அல்லது சுழல்வது உணரிக்குத் தெரியவில்லையா என்பதே கேள்வி.

அவர் சோதித்த முறையைக் கவனியுங்கள். வேறு கேசட்டைப் போட்டார், அதுவும் நின்றது. எனவே குற்றம் என் கேசட்டில் இல்லை. விரைந்து முன்னோட்டும் பொத்தானை அழுத்தினார், அப்போதும் நின்றது. பாட்டு ஓடும்போது மட்டும் நின்றிருந்தால் சுற்றும் வலு குறைவு என்று ஐயுறலாம். இரண்டிலும் நின்றதால் ஐயம் உணரியின் பக்கம் திரும்பியது. பின்னர்க் கண்ணாடி வழியே பார்க்கச் சொன்னார். சுழலச்சு நன்றாகவே சுழன்றது. ஆனால் நாடா எவ்வளவு ஓடியது என்று காட்டும் எண்காட்டி மட்டும் அசையவில்லை!

மூடியைக் கழற்றியதும் காரணம் புலப்பட்டது. எங்கள் கருவியில் எண்காட்டியையும், உணரிக்குச் செய்தி சொல்லும் சிறு காந்தச் சக்கரத்தையும் ஒரே மெல்லிய ரப்பர் பெல்ட் சுழற்றுகிறது. அந்த பெல்ட் தளர்ந்து தொங்கிக் கிடந்தது. சுழலச்சு தன் வேலையைச் செய்தும், அதைச் சொல்ல வேண்டிய சாட்சி வாய் திறக்கவில்லை. அதனால் கருவி, நாடாவைக் காப்பதாக எண்ணி நின்றிருக்கிறது.

பெல்ட்டை மாற்றியதோடு அவர் விடவில்லை. வலச் சுழலச்சைச் சுழற்றும் ரப்பர் வளையமும் வழவழப்பாகி வழுக்கத் தொடங்கியிருந்தது. அதையும் மாற்றினார். நான் நினைத்தபடி காவலை நீக்கியிருந்தால் அன்று பாட்டு ஓடியிருக்கலாம். அந்த வளையம் முற்றும் வழுக்கும் நாளில் பாட்டியின் நாடாவைத் தடுத்துக் காக்க எதுவும் இருந்திராது. அதை நினைக்கும்போது இன்றும் உடல் நடுங்குகிறது.

"இது பால்மரத்து ரப்பரா, அங்கிள்?" என்று கேட்டேன். பாட்டி முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். "இல்லை, செயற்கை ரப்பர்" என்று சிரித்தார். ஒலிமுனையை ஆல்கஹாலால் துடைத்து, வேறொரு கேசட்டை இருமுறை முழுமையாக ஓட்டிப் பார்த்த பிறகே என் கேசட்டைக் கேட்டார்.

முதல் தடத்தில் பாட்டி பாடினார். பாட்டு நிற்கவில்லை. இரண்டாம் தடத்தின் ஒலி அடியோடு குறைத்து வைக்கப்பட்டிருந்தது. ஏதேனும் இருக்குமோ என்று மெல்ல உயர்த்தினேன். என் தந்தையாரின் குரல்! பாட்டி பாடி முடித்த பின், தனியே அமர்ந்து பதிந்திருக்கிறார். எந்தத் தோட்டத்திலிருந்து தம் மாமனை லாரியில் ஏற்றினார்கள், அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது, எந்த வரி எதைக் குறிக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் செல்கிறார். அப்படியொரு பதிவு இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. கடையிலேயே கண் கலங்கிவிட்டது. முதியவர் ஒன்றும் கேட்காமல் தேநீர் வாங்கி வரச் சென்றார்.

இப்போது அத்தடங்களைத் தனித்தனியே கணினியில் சேமித்துவிட்டேன்.

நோயையும் அதன் மூலத்தையும் ஆராய்ந்த பிறகே மருந்து என்பது வள்ளுவர் வாக்கு. அதை ஆண்டுதோறும் மாணவர்க்குக் கற்பிக்கும் நானே, பத்து முறை பொத்தானை அழுத்தினேன். வகுப்பில் வாசிக்கும்போது பாதியில் நின்றுவிடும் பிள்ளையிடமும், "படி, படி" என்றுதானே சொல்லி வந்திருக்கிறேன்? இனி, எந்தச் சொல்லுக்கு முன் நிற்கிறான் என்று முதலில் பார்ப்பேன்.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் இத்தகைய நாடா இருந்தால் காலம் தாழ்த்தாதீர்கள். ரப்பரும் தளரும், பூஞ்சணமும் படியும். கருவி நின்றால் வற்புறுத்தாதீர்கள். முதலில் கேசட்டை வெளியே எடுங்கள். எல்லாத் தடங்களையும் ஒருமுறை உயர்த்திக் கேட்டுப் பாருங்கள்.