டேர்பனிற் கற்ற பாடம்

எமது யாழ்ப்பாணத்து வீட்டு விறாந்தையிலே ஒரு தொங்குகொடி இருந்தது. நூல் போன்ற தண்டு, இரண்டிரண்டாய்க் கோத்துவைத்தாற் போன்ற இதய வடிவச் சிற்றிலைகள், கரும்பச்சையின்மேல் வெள்ளி வரிகள், ஓரங்களில் இளஞ்சிவப்பு. நாள்தோறும் நீர் வார்த்தோம். மூன்றே மாதத்தில் அது அழுகி மடிந்தது. கொன்றது எமது அன்பே என்பதை அப்போது நாம் அறிந்திலோம்.

அறிவித்தது தென்னாபிரிக்காவின் நேற்றால் கரையிலுள்ள டேர்பன் நகரம். சென்ற ஆண்டு அங்கு போயிருந்தோம். 1860-ம் ஆண்டிலே சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்னுங் கப்பலில் ஒப்பந்தத் தொழிலாளர் வந்திறங்கிய துறைமுகம் அது. அத்தகையோர் வழிவந்த மூதாட்டியார் ஒருவரின் இல்லத்தில் விருந்தினராய்த் தங்கினோம். அங்கே யன்னலோரத்தில், எமது கொடியே இரண்டு முழ நீளத்திற்குத் தொங்கிக்கொண்டிருந்தது! எமது கதையைக் கேட்டு அம்மையார் நகைத்தார்.

"இது இந்த ஊர்ப் பிள்ளை, தம்பி. பாறையிலே தொங்குவது. பாறைக்குத் தினமும் யார் தண்ணீர் ஊற்றுவார்?" என்றார்.

உண்மைதான். ஜோன் மெட்லி வூட் என்னுந் தாவரவியலறிஞர் 1881-ல் நேற்றாலின் மலைப்பாறையொன்றில் இக்கொடியைக் கண்டார். 1894-ல் அது இலண்டன் கியூ பூங்காவை அடைந்தது. 'செரோபீஜியா வூடியை' என அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. பாறையிடுக்கில் மண் சிறிது. பெய்த மழை உடனே வடிந்துவிடும். ஆதலின் கிழங்கிலும் தடித்த இலையிலும் அது நீரைச் சேமித்துக்கொள்கிறது. தண்டின் கணுக்களிலும் மணி போன்ற கிழங்குகள் தோன்றும்.

அம்மையார் கூறிய முறை எளியது. அடியில் துளையுள்ள சிறிய சாடி. மணல் மிகுந்த மண். மண் நன்கு உலர்ந்த பின்பே நீர். இலையை விரல்களால் மெல்ல அழுத்துக. விறைப்பாயிருப்பின் பொறுத்திருக்கலாம், துவண்டிருப்பின் நீர் வேண்டும். உச்சி வெயிலும் ஆகாது, இருட்டும் ஆகாது. இளஞ்சிவப்பு ஓரமுள்ள வகைக்குப் பச்சையம் குறைவாதலின் ஒளி சற்றுக் கூடுதலாக வேண்டும். முழுப் பச்சையாய்க் கிளையொன்று கிளம்பினால் நறுக்கிவிடுக. இன்றேல் விரைந்து வளரும் அதுவே கொடி முழுவதையும் மூடிவிடும்.

மறுநாள், 1849-ல் நிறுவப்பெற்ற டேர்பன் தாவரவியற் பூங்காவைக் காணச் சென்றோம். வூட் நெடுங்காலம் பொறுப்பாளராயிருந்த இடம் அது. பனையின் சாயலுடைய சைக்கசு இனத் தாவரமொன்று அங்கே நிற்கின்றது. 1895-ல் சூலு நாட்டுக் காட்டிலே அவர் கண்ட அதுவும் அவர் பெயரையே தாங்கியது. கிடைத்தது ஆண் தாவரமே. பெண் இன்றுவரை அகப்படவில்லை. விதைக்கு வழியின்மையால், அடியிற் கிளம்புங் கன்றுகளைப் பிரித்து நட்டே அவ்வினத்தைக் காத்து வருகின்றனர்.

ஒருவரே கண்டறிந்த இரண்டு தாவரங்கள்: ஒன்றுக்கு மனிதர் கைவிட்டால் வாழ்வில்லை, மற்றதற்கு அவர் கை மிகுந்தால் வாழ்வில்லை!

ஊர் திரும்பியபின் நண்பரொருவரிடம் மணிக்கிழங்கு ஒன்று பெற்று ஈரமணலின்மேல் வைத்தோம். இப்போது நான்கு இலைகள் விட்டிருக்கின்றது. காலையில் நீர்ச்செம்போடு வரும் எமது மகளிடம், "இன்றைக்கு வேண்டாம், பிள்ளை" என்று சொல்வதே எமது தோட்டவேலையாயிற்று.