கிளட்சும் ஸ்டெதஸ்கோப்பும்

1/ என்னோடது டர்போ பெட்ரோல் கார், மேனுவல் கியர். நியூட்ரல்ல நின்னா "கர்ர்"னு ஒரு சத்தம். மெக்கானிக் அண்ணன் பானட்டைக்கூடத் திறக்கல. "கிளட்சை மிதிங்க டாக்டர்"னார். மிதிச்சேன், சத்தம் நின்னுடுச்சு.

2/ நியூட்ரல்ல கிளட்ச் மிதிக்காதப்போ கியர் பாக்ஸோட இன்புட் ஷாஃப்ட் இன்ஜினோட சேர்ந்து சுத்தும், மிதிச்சா நிக்கும். அதனால முதல் சந்தேகம் அந்த ஷாஃப்ட் பேரிங் மேல. மிதிச்சாதான் சத்தம் வருதுன்னா, ரிலீஸ் பேரிங் மேல.

3/ நாங்களும் இதைத்தான் செய்யறோம். இதயத்துல மர்மர் கேட்டா, குந்தி உட்கார்ந்து எழுந்து நிக்கச் சொல்லிக் கேட்போம். பெரும்பாலான மர்மர் நின்னதும் குறையும். இதயத் தசை தடிச்சு ரத்தம் வெளியேறும் வழியை மறிக்கிற நோயில கூடும். மைதானத்துல இளைஞர்கள் திடீர்னு சரிஞ்சு இறக்குற காரணங்கள்ல அதுவும் ஒண்ணு. கூடினா, எக்கோ எடுத்துப் பார்க்காம விளையாட அனுப்ப மாட்டோம்.

4/ சத்தம் எப்போ வருது, எப்போ நிக்குதுன்னு கவனிச்சுச் சொல்லுங்க. மெக்கானிக்குக்கும் சரி, டாக்டருக்கும் சரி, பாதி வேலை அதுலயே முடிஞ்சுடும்.