மலையிலிருந்து மைதானத்துக்கு

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் பலவிதம். சேலத்து வெயிலுக்குப் பயந்து போகிறவர்கள் உண்டு. புதுமணத் தம்பதிகள் உண்டு. பிள்ளைகளை அங்குள்ள பள்ளிக்கூடங்களில் விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பும் பெற்றோர்கள் உண்டு. ஆனால் கிரிக்கெட் பந்தயம் பார்ப்பதற்காக ஏற்காட்டுக்குப் போனவர்கள் நம்மைத் தவிர வேறு யாரும் இருக்க முடியாது. ஏனெனில் பந்தயம் நடந்தது மலையின்மேல் அல்ல. மலைக்குக் கீழே வாழப்பாடியில்!

2024-ஆம் வருஷம் ஜூலை 5-ந் தேதி, வெள்ளிக்கிழமை. தமிழ்நாடு பிரீமியர் லீக் பந்தயங்களின் அவ்வருஷத்து முதல் ஆட்டம் அன்று இரவு வாழப்பாடிக்கு அருகிலுள்ள மைதானத்தில் ஆரம்பமாவதாக இருந்தது. சேலத்திலிருந்து நேரே கிழக்கே போனால் ஒரு மணி நேரத்தில் வாழப்பாடி. அப்படியிருக்க, காலையில் வடக்கே திரும்பி, மலையேறி, மறுபக்கமாக இறங்கி அங்கே போய்ச் சேருவானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். இல்லத்தரசியும் அதையேதான் கேட்டாள். "அழைத்தவன் அங்கே இருக்கிறான்" என்று பதில் சொன்னோம்.

அழைத்தவன் நம்மிடம் படித்த பழைய மாணவன். பெயர் எதற்கு? ஏற்காட்டில் ஜீப் ஓட்டுகிறான்; ஆகையால் இந்தக் கட்டுரையில் அவன் நமக்குச் சாரதி. பள்ளிக்கூட வேலைக்கு நாம் புதிதாக வந்திருந்த காலத்தில், மலைக்கிராமம் ஒன்றிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் பத்தாம் வகுப்புப் படித்தான். இடது கையால் பந்து வீசுவான். பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தபோது, வகுப்பு வேளையில் மைதானத்தில் நின்றவனைப் பிடித்து, அவன் கையிலிருந்த டென்னிஸ் பந்தை வாங்கி மேஜை அறைக்குள் போட்டுப் பூட்டினோம். "பரீட்சை முடிந்ததும் வந்து வாங்கிக்கொள்" என்றோம். பரீட்சை முடிந்தது, பாஸும் ஆனான், பந்தை வாங்க மட்டும் வரவில்லை. அந்த வருஷம் தகப்பனாருக்கு உடம்பு முடியாமற் போனதால் மலையேறியவன், காப்பித் தோட்ட வேலைக்குப் போய்விட்டான் என்று பின்னால் கேள்விப்பட்டோம்.

பல வருஷங்களுக்குப் பிறகு சேலம் கடைவீதியில் அவனே நம்மை அடையாளம் கண்டு வணங்கினான். "ஸார், வாழப்பாடியிலே மேட்ச் நடக்குது. நீங்களும் அம்மாவும் வரணும். மொதல்ல நம்ம வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றான். மறுக்க மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், மறுக்கத் தைரியம் வரவில்லை.

ஒரு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தோம். காரணம் என்ற இடத்தில், "சொந்த வேலை" என்று எழுதியது பொய்யல்ல என்றே இப்போதும் நினைக்கிறோம்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சுமார் 30 கிலோமீட்டர் தூரம். 20 கொண்டையூசி வளைவுகள். முதல் ஐந்தாறு வளைவுகள் வரையில் மூங்கிலும் முட்செடியும். அதற்குமேல் காற்று மாறுகிறது. பஸ்ஸின் ஜன்னலை மூடலாமா, திறந்தே வைக்கலாமா என்று பிரயாணிகளுக்குள் சர்ச்சை நடக்கிறது. பத்தாவது வளைவு தாண்டியதும் கீழே சேலம் நகரம் பொம்மைக் கொலு மாதிரி தெரிகிறது. அப்புறம் வெள்ளி ஓக் மரங்கள். அவற்றின்மேல் ஏறிய மிளகுக் கொடிகள். நிழலில் காப்பிச் செடிகள். ஊரை அடையும்போது ஏறக்குறைய 5,000 அடி உயரம் வந்துவிடுகிறோம்.

இந்தக் காப்பிக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1820-ஆம் வருஷத்தையொட்டிச் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரைதான் இம்மலையில் காப்பியைப் பயிராக்கியவர். கிரேஞ்ச் எஸ்டேட் என்று அவருடைய தோட்டம் இன்றும் அந்தப் பெயரால் விளங்குகிறது. காப்பி வந்தது துரையின் கையால். ஆனால் நம் வீடுகளில் பித்தளை டபராவில் நுரை பொங்க ஆற்றும் காப்பியைத் துரை வந்து கேட்டாலும் தம்முடையதென்று சொல்ல முடியுமா? கிரிக்கெட் விஷயமும் இப்படித்தான். 1846-ல் சென்னையில் வெள்ளைக்காரர்கள் தங்களுக்கென்று கிரிக்கெட் சங்கம் ஏற்படுத்திக்கொண்டார்கள். அதில் இந்தியருக்கு இடமில்லை. அந்த மனக்குறையை வெறும் குறையாக வைத்துக்கொள்ளாமல், இந்தியருக்கென்று தனிச் சங்கம் கண்டவர் புச்சிபாபு நாயுடு. அன்று அவர் ஊன்றிய செடி சென்னையை விட்டு வெளியே வந்து, சேலம் ஜில்லாவின் கிராமங்களில் காய்ப்பதற்கு நூறு வருஷத்துக்கு மேலாயிற்று.

ஏரிக்கரையில் சாரதி காத்திருந்தான். ஏரியும் காடும் சேர்ந்துதான் ஏற்காடு என்று பெயர் வந்தது என்பார்கள். அன்று ஏரியை மூடுபனி மூடியிருந்தபடியால், பாதிப் பெயரைத்தான் பார்த்தோம். ஜீப்பில் ஏறி, சேர்வராயன் கோயிலுக்குப் போனோம். சுமார் 5,300 அடி உயரத்தில், உச்சி தட்டையாகப் பரந்த பெரிய வெளி. குனிந்து நுழையவேண்டிய குகைக்குள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும் எழுந்தருளியிருக்கிறார்கள். மே மாதத் திருவிழாவில் மலைக்கிராமத்து ஜனங்கள் அனைவரும் அங்கே கூடுவார்களாம். இல்லத்தரசி நெடுநேரம் கும்பிட்டாள். அவள் பிறந்த ஊர் கோயம்புத்தூர். அன்று ஆடப்போவது கோவை அணி. வேண்டுதல் என்னவென்று நாம் விசாரிக்கவில்லை.

சாரதியின் வீட்டில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் பரிமாறினார்கள். சாப்பிடும்போதே வெளியில், "அவுட்! அவுட்!" என்று கூச்சல் கேட்டது. எட்டிப் பார்த்தோம். வீட்டுக்குப் பின்னால் சரிவான ஒரு துண்டு நிலம். அதற்குக் கீழே காப்பித் தோட்டம். ஐந்தாறு பையன்கள். மூன்று குச்சிகள் நட்டிருந்தார்கள். ஒன்பது வயதுள்ள ஒரு பையன் ஓடிவந்து பந்து வீசினான். இடது கை! யாருடைய மகன் என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

கவனித்துப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. அந்தப் பையன்கள் யாரும் பந்தைக் குறி தவறிப் போடவில்லை. சாரதியிடம் இதைச் சொன்னோம்.

"தப்பினா பந்து சரிவிலே உருண்டு தோட்டத்துக்குள்ளே போயிடும் ஸார். அப்புறம் பொழுதெல்லாம் தேடணும். கெடைச்சாலும் கெடைக்கும், கெடைக்காமலும் போகும். ஒரு பந்து போச்சுன்னா அடுத்த சந்தை வரைக்கும் ஆட்டம் இல்லை. அதனாலே இங்கே எல்லாரும் குச்சியைப் பார்த்துத்தான் போடுவோம்" என்றான்.

ஒரு பந்து போனால் ஆட்டம் இல்லை! சாமைச் சோறு தொண்டையில் சற்று நின்றது. மேஜை அறைக்குள் நாம் பூட்டியது ஒரு பையனுடைய பந்து என்றே அதுவரை எண்ணியிருந்தோம். அது ஒரு கிராமத்தின் பந்தாக இருந்திருக்கலாம் என்று அப்போதுதான் புத்திக்கு எட்டியது.

மூன்று மணிக்குப் புறப்பட்டோம். பையனும் கூடவே ஏறிக்கொண்டான். ஏற்காட்டிலிருந்து இறங்குவதற்குக் குப்பனூர் வழியாக மற்றொரு மலைப்பாதை இருக்கிறது. உல்லாசப் பிரயாணிகள் நடமாட்டம் அதில் குறைவு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளத்தாக்கு. வழியில் பேச்சு தானாகவே பழைய நாட்களுக்குப் போயிற்று. நாம் மென்று விழுங்கி, "அந்தப் பந்து விஷயத்தில் நாங்கள் செய்தது..." என்று ஆரம்பித்தோம்.

சாரதி பாதையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதை விடுங்க ஸார். பந்து கையிலே இருந்திருந்தா மட்டும் நான் என்ன ஆகியிருப்பேன்? அப்பா படுத்துட்டாரு. நீங்க மிரட்டினதாலே பத்தாவது பாஸ் பண்ணேன். அதனாலேதான் லைசென்ஸ், பேங்க் கடன், வண்டின்னு எல்லாம் ஆச்சு" என்றான்.

கொஞ்ச தூரம் போனபிறகு, "ஆனா வாங்க வந்திருக்கலாம். எனக்குத்தான் பயம்" என்று மெதுவாகச் சொன்னான்.

முதலில் சொன்னது நமக்கு ஆறுதல். பின்னால் சொன்னதுதான் வாழப்பாடி வரையில் நம்மோடு வந்தது.

வாழப்பாடிக்கு அருகே காட்டுவேப்பிலைப்பட்டியில் இருக்கிறது அந்த மைதானம். 2020-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் திறந்தார்கள். அப்போது முதலமைச்சராக இருந்த எடப்பாடி பழனிசாமி திறந்துவைக்க, ராகுல் திராவிடும் வந்திருந்தார். நாலாபுறமும் மலைகள், நடுவே பச்சைப் பாய் விரித்தாற்போலப் புல்வெளி. மாலை மங்கி விளக்குகள் எரியத் தொடங்கியதும் மலைகள் ஒவ்வொன்றாக இருட்டுக்குள் பின்வாங்கின. பையன் வாயைத் திறக்கவேயில்லை. சமதரையில், உருண்டு ஓடாத பந்தை அவன் அன்றுதான் பார்த்தான் என்று நினைக்கிறோம்.

கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சேலத்துக்கென்று ஓர் அணி இருக்கிறது. ஆனால் அன்று அது ஆடவில்லை. ஆடியவை கோவையும் சேப்பாக்கமும். சேப்பாக்கம் நான்கு முறை பட்டம் பெற்ற அணி. அதில் ஒன்று 2022-ல் இறுதி ஆட்டம் மழையில் கரைந்ததால் கோவையுடன் பங்கிட்டுக்கொண்டது. கோவையோ 2023-ஆம் வருஷத்துச் சாம்பியன். சொந்த அணி களத்தில் இல்லாதபடியால் நம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜனங்களுக்குப் பாரபட்சமே இல்லை. யார் அடித்தாலும் கைதட்டினார்கள். யார் அவுட்டானாலும் விசில் அடித்தார்கள். கட்சி கட்டிக்கொண்டு ரசிப்பதில் காரம் உண்டு; கட்சியில்லாமல் ரசிப்பதில் ருசி உண்டு என்று அன்று கண்டோம். இல்லத்தரசி மட்டும் இந்தத் தத்துவத்தை ஒப்புக்கொள்ளவில்லை. முடிவில் கோவையே ஜயித்தது. சேர்வராயனுக்குத்தான் நன்றி சொல்லவேண்டும் என்றாள்.

ஆட்டத்தின் நடுவே, பின்வரிசையில் யாரோ நடராஜன் பெயரை எடுத்தார்கள். சேலம் ஜில்லாவில் எங்கே பந்து உருண்டாலும் அந்தப் பெயர் வராமல் இராது. சின்னப்பம்பட்டி என்ற கிராமத்தில் 1991-ல் பிறந்தவர். இளமையில் டென்னிஸ் பந்தில்தான் ஆடினார். 2017-ல் பஞ்சாப் அணி அவரை மூன்று கோடி ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தபோது ஜில்லாவே அதிசயித்தது. 2020 டிசம்பரிலிருந்து 2021 ஜனவரிக்குள் ஒரே ஆஸ்திரேலியப் பிரயாணத்தில் மூன்றுவகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக முதன்முதலாக இறங்கினார். ஊருக்குத் திரும்பியவர் தம் கிராமத்திலேயே ஒரு மைதானம் அமைத்தார்; 2023-ல் தினேஷ் கார்த்திக் வந்து அதைத் திறந்துவைத்தார்.

இதெல்லாம் பத்திரிகைகளில் பலமுறை வந்த செய்தி. நமக்கு அன்று மனத்தில் உறுத்தியது வேறு. நடராஜனுக்கு ஜெயப்பிரகாஷ் என்று ஊரில் ஓர் அன்பர் இருந்தார். இவன் கையில் ஏதோ இருக்கிறது என்று கண்டு, சென்னைக்கு அழைத்துப்போய்த் துணை நின்றவர் அவர். அந்த நன்றியால்தான் நடராஜன் தம் சட்டையின் முதுகில் தம் பெயருக்கு முன்னால் அவர் பெயரின் எழுத்துக்களையும் பொறித்துக்கொண்டார். நம் சாரதிக்கும் ஏறக்குறைய அதே வயது. அதே இடது கை. அதே டென்னிஸ் பந்து. அங்கே ஒரு பெரியவர் இருந்தார். இங்கேயும் ஒரு பெரியவர் இருந்தார். அவர் கையில் சாவிக்கொத்து இருந்தது.

பந்து வீசுகிற பையன்கள் எல்லோரும் நடராஜன் ஆகிவிடப் போவதில்லை என்பது நமக்குத் தெரியும். பரீட்சை வேண்டாம் என்று சொல்லவும் நாம் துணியமாட்டோம். அந்தப் பாஸ்தான் சாரதிக்குச் சோறு போட்டது. ஆனால், "பரீட்சை முடிந்ததும் வாங்கிக்கொள்" என்று சொன்னவர்கள், பரீட்சை முடிந்ததும் கூப்பிட்டுக் கொடுத்திருக்க வேண்டும் அல்லவா? பையனுக்குப் பயம் இருக்கும் என்று தெரியாமலா இத்தனை வருஷம் வாத்தியார் வேலை பார்த்தோம்?

நள்ளிரவில் சாரதி நம்மைச் சேலத்தில் வீட்டு வாசலில் இறக்கிவிட்டான். பையன் பின்ஆசனத்தில் தூங்கிப்போயிருந்தான். இடது கை மட்டும் பந்தைப் பிடித்தாற்போல மடங்கியிருந்தது.

திங்கட்கிழமை காலையில் பள்ளிக்குப் போனதும் மேஜை அறையைத் திறந்தோம். மூன்று பந்துகள் இருந்தன. இரண்டுக்கு உரியவர்களைக் கூப்பிட்டு அனுப்பினோம். என்ன தண்டனையோ என்று நடுங்கிக்கொண்டு வந்தவர்கள், பந்தை வாங்கிக்கொண்டு நம்பிக்கையில்லாமல் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தபடி போனார்கள். மூன்றாவது பந்துக்குச் சொந்தக்காரன் யார் என்று விசாரித்தோம். படிப்பை முடித்துப் போய்விட்டானாம். எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியவில்லை.

மாலையில் கடைவீதிக்குப் போய் ஒரு டஜன் புதுப் பந்துகள் வாங்கினோம். அந்த மூன்றாவது பந்தையும் அவற்றோடு வைத்துக் கட்டி, ஏற்காட்டு பஸ் டிரைவரிடம் கொடுத்தோம். "ஏரிக்கரையில் ஜீப் ஓட்டுகிறவனிடம் சேர்த்துவிடுங்கள்" என்றோம்.

"என்ன ஸார், உள்ளே பழமா?" என்று கேட்டார் அவர்.

"இல்லை, பழைய பாக்கி" என்றோம்.