கரண்ட் என்னிடம்தான் இருந்தது

திருச்செந்தூர்க்காரர்களுக்குக் கடல் காற்றின் மீது எப்போதும் ஒரு புகார் உண்டு. துவைத்த துணி காயாது, உப்பு கசியும், சைக்கிள் துருப்பிடிக்கும். அதே காற்று எங்களுக்கு ஒரு காவலாகவும் இருந்தது என்பது வேலைக்காக டெல்லி போன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

ஜனவரிக் குளிரில் ஹீட்டர் ஓடும் அறை. கம்பளி ஸ்வெட்டரைக் கழற்றினால் படபடவென்று சத்தம். விளக்கை அணைத்திருந்தால் பொறிகூடத் தெரியும். இரும்புக் கதவைத் தொட்டால் விரலில் சுரீரென்று அடிக்கும். வயரிங்கில்தான் கோளாறு என்று எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்: “கரண்ட் கதவுல இல்ல சார், உங்ககிட்டதான் இருக்கு.”

உண்மைதான். இரண்டு பொருள்கள் ஒட்டிப் பிரியும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எலெக்ட்ரான்கள் தாவுகின்றன. கம்பளி அவற்றை எளிதில் விட்டுவிடும். பாலியஸ்டர் சட்டை பிடித்துக்கொள்ளும். ரப்பர் செருப்பு போட்ட உடம்பிலிருந்து அந்த மின்னேற்றம் தரைக்கு இறங்க முடியாது. சுரீரென்று நமக்கு உறைக்கவே ஏறத்தாழ 3000 வோல்ட் சேர்ந்திருக்க வேண்டும். வீட்டு மின்சாரம் வெறும் 230 வோல்ட். ஆனால் அது விடாமல் பாய்வதால் ஆளைக் கொல்லும். இதுவோ துளி அளவு, கண நேரத்தில் தீர்ந்துவிடும்.

ஊரிலும் இதே உரசல் நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் ஈரக்காற்றில் எல்லாப் பொருள்கள் மீதும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிகிறது. மின்னேற்றம் அதன் வழியே சத்தமில்லாமல் கசிந்துவிடும். வெறுங்காலோடு நடந்தால் இன்னும் வசதி. ஆடி மாதம் வறண்ட மேல்காற்று வீசும்போது மட்டும் அம்மாவின் பாலியஸ்டர் சேலை மடிக்க மடிக்கக் கையில் ஒட்டும்.

நூற்பாலைகளில் நீர்த்திவலைகளைத் தூவிக் காற்றை ஈரமாக வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்; இல்லாவிட்டால் பஞ்சிழைகள் ஒன்றையொன்று விலக்கிப் பறக்கும், உருளைகளில் ஒட்டும். பட்டாசுத் தொழிலில் மருந்து அறைக்குள் நுழையும் முன் செப்புத் தகட்டைத் தொடுவதும் உடம்பில் இருப்பதை மண்ணுக்கு இறக்கத்தான்.

இதில் நான் கற்றது இதுதான்: பொறி தெறிக்கும் நொடியில் மின்சாரம் பிறப்பதில்லை. முன்பே பிறந்து, வெளியேற வழியில்லாமல் காத்திருக்கிறது. அதற்கு முன்கூட்டியே வழிவிட வேண்டும். இப்போது நான் கதவைத் தொடும் முன் கையிலிருக்கும் சாவியால் தொடுகிறேன். பொறி சாவியில் விழும், விரலுக்கு வலிக்காது. பெட்ரோல் பங்க்கில் கேனில் பெட்ரோல் பிடிப்பவர்களைப் பார்த்தால் மட்டும் சும்மா இருப்பதில்லை. “வண்டி மேல வைக்காதீங்க அண்ணாச்சி, தரையில வச்சுப் பிடிங்க” என்று சொல்லிவிடுவேன்.